மலைநடைக் குழுவில் ஒருவர் மட்டும் மெதுவாக நடந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமா?

கேட்ட தொனியிலேயே தெரிகிறது, அந்த 'ஒருவர்' நீங்கள்தான். நானும் அந்த ஒருவர்தான். எனவே, காத்திருக்கத்தான் வேண்டும்.

2023 பிப்ரவரியில் மெல்பர்னிலிருந்து ஆறு பேர் டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக் போனோம். கிரேடில் மலைப் பக்கம் தொடங்கி செயின்ட் கிளேர் ஏரி வரை சுமார் 65 கிலோமீட்டர், ஆறு நாள். தினமும் நடந்து முடிக்கும் இடத்தில் ஒரு குடில் உண்டு. குடில் என்றதும் மெத்தை, சூடான சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். படுக்க வெறும் பலகை, வெளியே மழைத்தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அடுப்பிலிருந்து அரிசி வரை எல்லாம் நம் முதுகில். பலகையில் முதலில் வந்தவருக்கே இடம் என்பதால் கூடாரமும் சுமந்தே ஆக வேண்டும்.

சாமான்களைச் சமமாகப் பிரித்தார்களாம். ஆளுக்குப் பதினாறு கிலோ. என் எடை 52. எண்பத்தைந்து கிலோ இருக்கிற அண்ணாவுக்கும் அதே பதினாறு. இதில் எங்கே சமம்? பருப்பும் புளிக்காய்ச்சலும் என் பையில்தான், "சமைக்கப் போறது நீதானே".

அங்கே முதல் நாளே கடுமையானது. மேரியன்ஸ் லுக்அவுட் ஏற்றத்தில் ஓரிடத்தில் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். "மேல பார்க்கலாம்" என்று போனவர்கள் மேலே இல்லை. கோடைக்காலம் என்றுதான் பெயர், ஆலங்கட்டி மழை அடித்தது. கிச்சன் ஹட் என்று ஒரு குட்டிக் குடிலில் ஒதுங்கினேன். பனி மூடினால் நுழைவதற்கு மாடியிலும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். ஆபத்து என்றால் ஒழிய இரவு தங்கக் கூடாது. தங்க நினைத்தாலும் எப்படி? என் கூடாரத்தின் மேல்துணி ஒருத்தி பையில், அடுப்பு இன்னொருவர் பையில். என்னிடம் இருந்தது பருப்பு.

மாலை ஆறரை மணிக்கு, முதல் நாள் தங்கும் குடிலான வாட்டர்ஃபால் வேலி போய்ச் சேர்ந்தேன். ஐந்து பேரும் பலகையில் இடம் பிடித்து, காலுறையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பலகை இல்லை. கூடாரத்தில் படுத்தேன்.

உடனே "பயிற்சி எடுக்காமல் போனது உங்கள் தப்பு" என்று கீழே எழுத வருவீர்கள். மூன்று மாதம் வாராவாரம் டாண்டினாங் மலையின் ஆயிரம் படி ஏறினேன், அதுவும் பையோடு. வேகம் வரவில்லை, அவ்வளவுதான். மெதுவாக நடப்பது நோய் இல்லை.

இதே ஆட்கள் எங்கள் ஊர் பிறந்தநாள் விழாக்களுக்கு எப்போது வருவார்கள் தெரியுமா? ஆறு மணி என்று அழைப்பு, எட்டுக்கு வருவார்கள், ஒன்பதரைக்கு கேக் வெட்டுவார்கள். பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! மலையில் எனக்காக இருபது நிமிஷம் நிற்க முடியாதா?

இரண்டாம் நாள் காலையில் அழுதுகொண்டே சண்டை போட்டேன். வெட்கமில்லை. எடையைப் பார்த்துப் பிரித்ததில் என் பை பதினொரு கிலோவானது. நான் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று முடிவானது. மூன்றாம் நாள்தான் இருப்பதிலேயே நீளமான நாள், பெலியன் குடில் வரை சுமார் 17 கிலோமீட்டர், நடுவில் அட்டைகள் வேறு. எல்லாரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். எனவே உங்கள் குழுவிடம் நடப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் பேசிவிடுங்கள். ஒரே கூடாரத்தின் பாகங்களைச் சேர்ந்து நடக்காத இருவர் பையில் பிரித்து வைக்கவே வேண்டாம்.

நான்காம் நாள் மறுபடி புத்தி மாறியது. டாஸ்மேனியாவிலேயே உயரமான ஓசா மலை (1617 மீட்டர்) ஏறும் ஆசையில், பெலியன் கேப் என்ற கணவாயில் பைகளை வைத்துவிட்டு ஐந்து பேரும் ஓடிவிட்டார்கள். நான் ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தபோது பைகளைச் சுற்றி கர்ரவாங் பறவைகள். காக்கை மாதிரி கறுப்பு, மஞ்சள் கண். ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கும், பொய்யில்லை. ஒன்று பிஸ்கட்டோடு பறந்துவிட்டது. நடைக்கோலை வீசி மற்றவற்றை விரட்டி, பைகளை மழைத்துணியால் மூடி, இரண்டரை மணி நேரம் காவல் இருந்தேன். தப்பிய முந்திரிப் பொட்டலத்தை நானே சாப்பிட்டு முடித்தேன். பறவை தின்றுவிட்டது என்றுதான் இன்றுவரை அவர்கள் நம்புகிறார்கள்.