ஜப்பானுக்கு ரைஸ் குக்கரை எடுத்துச் செல்லலாமா?

கேள்வி: ஒசாகாவில் படிக்கும் எங்கள் மகளைத் தீபாவளி விடுமுறையில் பார்க்கச் செல்கிறோம். வீட்டிலுள்ள ரைஸ் குக்கரையும் அவளுக்குக் கொண்டுபோக என் மனைவி விரும்புகிறார். இங்குள்ள மின்சாமான் கடையில் ‘எல்லா நாட்டுக்கும்’ என்று அச்சிட்ட ஓர் அடாப்டரைக் காட்டி, இது ஒன்றே போதும் என்கிறார்கள். உண்மையா?
– தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: குக்கருக்கு அது போதாது. அடாப்டர் பிளக்கின் பின்களை வேறு வடிவத்துக்கு மாற்றித் தருமே தவிர, சுவரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை மாற்றாது. மலேசியாவில் நம் வீட்டுக்கு வருவது 230 முதல் 240 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். வெப்பச் சுருளின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்பதால், 240 வோல்ட்டில் 700 வாட் தரும் குக்கர் அங்கே ஏறக்குறைய 120 வாட்தான் தரும். அரிசி ஊறும், வேகாது.

மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் குக்கரின் வாட்டைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியது பல கிலோ எடை இருக்கும். விமானத்தில் அதைச் சுமப்பதைவிட, மகள் அங்கேயே ஒரு குக்கர் வாங்கிக்கொள்வது மேல். படிப்பு முடிந்ததும் அதை இங்கே கொண்டுவந்து அப்படியே மாட்டிவிடாதீர்கள். 100 வோல்ட் சுருளுக்கு 240 வோல்ட் கொடுத்தால் திறன் ஐந்து மடங்குக்கு மேல் ஏறி, அது கருகிவிடும். ஊருக்குக் கொண்டுவரத்தான் வாங்குகிறீர்கள் என்றால், வெளிநாட்டினருக்கென அங்கு விற்கப்படும் 220 வோல்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜரில் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால், நம் மூன்று பின் பிளக்கை ஏற்று இரண்டு தட்டைப் பின்களாக மாற்றித் தரும் அடாப்டரே போதும். கடைக்காரர் சொன்னது இவற்றுக்குச் சரி.

கேள்வி: தமிழ்நாட்டுக் கோயில்களுக்குச் செல்கிறோம். மின்கெண்டி எடுத்துச் செல்லலாமா?
– வாசகி, பீடோர்

பதில்: இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பின்கள் மட்டும் உருண்டை. ஆயினும் 2000 வாட் கெண்டி ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அங்குள்ள சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது, விலை குறைந்த பயண அடாப்டர்கள் சிலவும் அவ்வளவே தாங்கும். ஆகவே கெண்டியை 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில், அந்த அளவு தாங்குவதாகக் குறித்த அடாப்டர் வழியாக மட்டுமே மாட்டுங்கள். அறையில் அது இல்லையென்றால் விடுதிச் சமையலறையில் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.