பேஸ்மேக்கரில் 40 நிமிட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மருந்து தொடங்கணுமா?

அப்பாவுக்கு 72 வயது, இரத்த அழுத்தம் உண்டு, பேஸ்மேக்கர் பரிசோதனையில் 40 நிமிட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) பதிவாகியிருக்கிறது, அவருக்கோ எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கணுமா என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம், ஒதுக்கியும் விடாதீர்கள்.

முதலில், கருவி சேமித்து வைத்த மின்பதிவை மருத்துவர் நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள். மேலறையில் வைத்த லீட் (கருவியின் மின்கம்பி) கீழறைத் துடிப்பையும் சேர்த்து எண்ணிவிட்டால், இல்லாத ஃபிப்ரிலேஷன் இருப்பதாகப் பதிவாகும். இது அரிதல்ல.

பதிவு உண்மைதான் என்றால், எவ்வளவு நேரம் நீடித்தது என்பது முக்கியம். 2012இல் வெளிவந்த அசெர்ட் ஆய்வில், 6 நிமிடத்துக்கு மேல் பதிவானவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் இரண்டரை மடங்கு. பின்னர் அதே தரவை அலசியபோது, 24 மணி நேரத்தைத் தாண்டியவர்களிடம்தான் அபாயம் தெளிவாகக் கூடியிருந்தது. 2023இல் ஆர்டீசியா ஆய்வில், ஆஸ்பிரினைவிட அபிக்ஸபான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து பக்கவாதத்தைக் குறைத்தது, ஆனால் பெரிய இரத்தக்கசிவைக் கூட்டியது. அதனால் 40 நிமிடம் என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் மருந்தின் பக்கம் தராசு நன்றாகவே சாயும். சர்க்கரை, இதயச் செயலிழப்பு, சிறுநீரக நிலை, இரத்தக்கசிவு வரலாறு எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். பலமான குறட்டை இருந்தால் தூக்க மூச்சுத்திணறலுக்குப் பரிசோதியுங்கள். கீழறையைத் தேவையில்லாமல் தூண்டுவதைக் குறைக்கும்படி கருவியை அமைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.