உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்: திருகோணமலை வாசகர்கள் கேட்டவை

(பதில் சொல்பவர் திருகோணமலையில் தொழில் செய்யும் சட்டத்தரணி.)

மூதூர் வாசகர்: ஐயா, ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் முன்னாள் ஜனாதிபதியைக் காசு கட்டச் சொன்னார்களே, அது அரசாங்கக் காசா?

இல்லை, சொந்தக் காசு. 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதியரசர்கள் கொடுத்த தீர்ப்பு அது. மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபா, அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர, அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன இருவருக்கும் ஆளுக்கு ஏழரைக் கோடி. உளவுத் தகவல் முன்கூட்டியே வந்தும் தடுக்கத் தவறியதற்கான நட்டஈடு. ஆனால் இது குற்றவியல் தண்டனை அல்ல. ‘குற்றவாளி’ என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

உப்புவெளி வாசகர்: பொருளாதார நெருக்கடி வழக்கில் ராஜபக்ச சகோதரர்கள் எவ்வளவு கட்டினார்கள்?

நட்டஈடே இல்லை. மனுதாரர்கள் கேட்கவில்லை. பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் நாலுக்கு ஒன்று பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது, வழக்குச் செலவோடு சரி.

நிலாவெளி மீனவர்: எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் காசு எங்களுக்கும் வருமா?

வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள், அண்ணன். 2025 ஜூலையில் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் கட்டச் சொன்னது உண்மை. ஆனால் 2021இல் கப்பல் எரிந்து மூழ்கியது கொழும்புக்கு அப்பால், பாதிப்பு மேற்குக் கரையில்.

ஆசிரியை ஒருவர்: எனக்கு அநியாயமாக இடமாற்றம் தந்துவிட்டார்கள், சேர். மேலதிகாரிக்கு மேன்முறையீடு போட்டு மூன்று மாதமாகிறது, பதில் இல்லை. இனி உயர் நீதிமன்றம் போகலாமா?

தங்கச்சி, இப்படித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். திணைக்களத்துக்கு எழுதிக்கொண்டிருப்பதால் அந்த மாதம் நின்றுவிடாது. பெரிய தீர்ப்புகளை வாய் பிளந்து வாசிக்கிற நம் ஆட்களுக்கு இந்தச் சின்ன விஷயம்தான் தெரிவதில்லை.

ஒரு வழி உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சும்மா கொடுத்துவிட்டு வந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் கையில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த முறைப்பாடும் இல்லையென்றால், மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் மனு) போட இடமிருக்கிறதா என்று நேரில் பார்ப்போம். வரும்போது கடிதத்தை மட்டுமல்ல, அது வந்த உறையையும் கொண்டு வாருங்கள். தபால் முத்திரையில் உள்ள திகதிதான், உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்று காட்டும்.

கிண்ணியா வாசகர்: பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். அடிப்படை உரிமை மீறல்தானே?

இல்லை தம்பி. அரசாங்கமோ அதிகாரிகளோ செய்ததற்குத்தான் அந்த மனு. வேலிக்கு மாவட்ட நீதிமன்றம் போங்கள்.

அதே வாசகர்: சரி, பொலிஸ் அடித்தால்?

அதற்குப் போடலாம். மனுவைக் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும், ஆனால் சத்தியக்கடதாசியை இங்கேயே சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிடலாம். அடிபட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், சட்ட வைத்திய அதிகாரியிடம் காயத்தைக் காட்டிப் பதிந்துவிடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.