தோட்டம் அமைக்கும் தொழிலில் லாபம் எப்போது தொடங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். நிரந்தர ஆட்கள் நான்கு பேர்; ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் கூலி, மாதம் 26 நாள் வேலை. வண்டித் தவணை, டீசல், இட வாடகை எல்லாம் சேர்ந்து மாதம் 17,000 ரூபாய் ஆகிறது. சென்ற ஆண்டு 18 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்தேன். அதில் 11 வீடுகளின் பராமரிப்புக்கு, வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் வந்தது. மற்றவை புதுத் தோட்ட வேலைகள். புது வேலையில் பாதிப் பணம் செடி, புல், மண், எருவுக்கே போய்விடுகிறது. ஆண்டு முடிவில் கையில் எதுவும் மிஞ்சவில்லை. விற்றுமுதலை 30 லட்சமாக உயர்த்தினால் லாபம் நிற்குமா? – வாசகர், வடவள்ளி

பதில்: நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்ப்போம். பராமரிப்பில் ஆண்டுக்கு 3.30 லட்சம், புது வேலையில் 14.70 லட்சம். புது வேலையில் பொருளுக்குப் பாதி போக 7.35 லட்சம் நிற்கிறது. ஆக, கைக்கு வருவது 10.65 லட்சம். கூலியும் வண்டி, வாடகைச் செலவும் மாதம் ஏறத்தாழ 90,000 ரூபாய், ஆண்டுக்கு 10.80 லட்சம். உங்கள் உழைப்புக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம் எழுதினால், தொழில் மூன்றே முக்கால் லட்சம் நட்டத்தில் இருக்கிறது. சொந்தச் சம்பளத்தைச் செலவில் எழுதாதவரை இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. இதே அமைப்பில் 30 லட்சத்தை எட்ட வேண்டுமானால் ஆட்களும் கூட வேண்டும், இன்னொரு வண்டியும் வேண்டியிருக்கும்; செலவும் கூடவே ஏறும்.

ஆகவே, மாதப் பராமரிப்பு வருமானம் அந்த 90,000 ரூபாயைத் தொடும் மாதத்தையே முதல் மைல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அதை எட்டிவிட்டால், மழையில் வேலை நின்றாலும், வீடு கட்டுபவர் பணத்துக்கு இழுத்தடித்தாலும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க நீங்கள் கடன் வாங்க வேண்டியிராது. புது வேலையில் பொருட்செலவு போக நிற்பது உங்கள் சம்பளமும் லாபமும் ஆகும். புது வேலைக்குக் கூடுதல் ஆள் தேவைப்பட்டால் நாள் கூலிக்கு அமர்த்தி, அந்தக் கூலியை அந்த வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இது எட்டக்கூடிய இலக்குதான். வாரம் ஒரு முறை அரை நாள் என்று வைத்தால், ஓர் ஆள் வாரத்தில் 12 வீடுகளைப் பார்க்கலாம். இரண்டு ஆட்களுக்கு 24 வீடுகள், மாதம் 60,000 ரூபாய். மீதி 30,000 ரூபாய்க்கு இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஆண்டு ஒப்பந்தம் போதும். ஆனால் காலையில் வடவள்ளியிலும் பிற்பகல் சரவணம்பட்டியிலும் வேலை என்றால் இந்தக் கணக்கு நிற்காது, ஏனெனில் நகரைக் குறுக்கே கடக்கும் நேரத்துக்கு எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. வடவள்ளி, சாய்பாபா காலனி, ஆர்.எஸ்.புரம் என்று அருகருகே உள்ள பகுதிகளிலேயே வீடுகளைச் சேருங்கள். தூரத்து வீட்டை ஏற்பதானால் கட்டணம் கூடுதலாகவே இருக்கட்டும்.

புது வேலையிலும் பணம் ஒழுகும் இடம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டிய வீட்டில் மேலே ஓர் அங்குலம் செம்மண் இருக்கும். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் வரும். அந்த இடத்தில் இட்லிப்பூச் செடி வைத்தால், சில மாதங்களில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிமெண்டின் சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போவதே காரணம். செடியின் மீது பழி போட்டு நீங்கள் இலவசமாக மாற்றிக் கொடுப்பீர்கள். புதுச் செடிக்கும் அதே கதி நேரும். எனவே விலை சொல்வதற்கு முன்பே மூன்று நான்கு இடங்களில் ஓரடி ஆழம் தோண்டிப் பாருங்கள். இடிபாடு அள்ளுவதையும் மண் நிரப்புவதையும் மதிப்பீட்டில் தனி வரிகளாக எழுதுங்கள்; 1,000 சதுர அடிக்கு ஆறு அங்குலம் நிரப்ப 5 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண் வேண்டும். செடிகளுக்கு உத்தரவாதம் கொடுப்பதானால், பராமரிப்பும் உங்களிடம் உள்ள வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்று தெரியாத தோட்டத்துக்கு எவரும் பொறுப்பேற்க முடியாது.

கேள்வி: என் வரவு 20 லட்சத்தை நெருங்குகிறது. செடிகளுக்கு ஜிஎஸ்டி இல்லையே. செடி விற்ற பணத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: கழிக்கக் கூடாது. செடிக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் சேவை செய்பவர் பதிவு செய்ய வேண்டிய 20 லட்சம் ரூபாய் வரம்பைக் கணக்கிடும்போது, வரிவிலக்குள்ள விற்பனையும் மொத்த விற்றுமுதலில் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தோட்டப் பராமரிப்புக்கு வழக்கமான வரி 18 சதவீதம். விற்றுமுதல் 50 லட்சம் வரை உள்ள சேவைத் தொழிலுக்கு மொத்த வரவில் 6 சதவீதத்தை மட்டும் கட்டும் இணக்கமுறையும் (composition scheme) உண்டு. அதில் வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியையும் திரும்பப் பெற முடியாது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் என்றால் இந்த முறை ஏற்றது. நிறுவனங்கள் என்றால், உங்களுக்குக் கட்டும் வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள அவர்கள் கேட்பார்கள் என்பதால் வழக்கமான பதிவே நல்லது. செடியும் வேலையும் ஒரே ஒப்பந்தத்தில் வரும்போது முழுத் தொகைக்கும் வரி விழக்கூடும். அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: கட்டுமான நிறுவனம் ஒன்று பெரிய வேலை தருகிறது, ஆனால் முன்பணம் இல்லை, முடித்த பிறகே பணம் என்கிறது. ஏற்கலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் நிலையில் ஏற்க வேண்டாம் என்பேன். புல்லுக்கும் செடிக்கும் நர்சரியில் கையோடு பணம் கொடுத்துவிட்டு நீங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தால், அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் ஆவீர்கள். பாதித் தொகை முன்பணம், செடி இறங்கியதும் 40 சதவீதம், முடித்ததும் 10 சதவீதம் என்று கேளுங்கள். மறுத்தால், செடிகளை அவர்களே நேரடியாக வாங்கித் தரட்டும், நடும் கூலியும் மேற்பார்வையும் மட்டும் உங்களுடையது என்று பேசிப் பாருங்கள். தொகை சிறிதாகும், உங்கள் முதல் மாட்டிக்கொள்ளாது. எதற்கும் முன்பு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு சேவைத் தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.