ஆளோட குணத்தை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, யூகே வந்து மூணு மாசம் ஆச்சு, வயசானவங்களைப் பாத்துக்கற கேர் ஹோம்ல வேலை, ஒருத்தரோட குணத்தைப் பத்தி சொல்லணும்னா குட், நைஸ், பேட் இது மூணைத் தாண்டி வாய்ல எதுவும் வர மாட்டேங்குது, ஒரு நூறு வார்த்தை லிஸ்ட் இருந்தா குடுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் லெஸ்டர் வந்து 16 வருஷம் ஆகுது, ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸ், இதே கஷ்டத்தை நானும் பட்டிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

லிஸ்ட் மட்டும் தரமாட்டேன், கோச்சுக்காதீங்க. 1936ல ஆல்போர்ட், ஆட்பர்ட்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் ஒரு பெரிய இங்கிலீஷ் டிக்ஷனரிய அலசி, மனுஷங்க குணம் நடத்தையைச் சொல்ற வார்த்தைய மட்டும் பொறுக்கி எடுத்தாங்க, கிட்டத்தட்ட 18,000 வந்துச்சு. அதுல நூறை மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது? முப்பது நாப்பது வார்த்தை போதும், ஆனா அது ஒவ்வொண்ணும் கேக்கறவங்க காதுல எப்படி விழும்னு தெரிஞ்சிருக்கணும், நாம அடி வாங்கறது அங்கதான்.

ஏன்னா நமக்கு ஏற்கனவே வார்த்தை இருக்கு. ஊர்லயே இங்கிலீஷ்லதான ஆளைப் பத்திப் பேசறோம், ஜாலி டைப்பு, சின்சியர், சிம்பிள், போல்டு, ஹோம்லி, கேரக்டர் சரியில்லன்னு. நான் வந்த புதுசுல எங்க வார்டுல ஒரு தாத்தா இருந்தாரு, பெரிய வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு, துளி பந்தா கிடையாது, தரை துடைக்க வர்றவங்ககிட்ட கூட பேரு கேட்டு நின்னு பேசுவாரு. அவரோட பொண்ணுகிட்ட மனசாரப் பாராட்டறதா நெனச்சு "யுவர் ஃபாதர் இஸ் வெரி சிம்பிள்"னு சொல்லிட்டேன். அந்தம்மா முகம் அப்படியே சுண்டிப்போச்சு. ஆளைப் பாத்து சிம்பிள்னு சொன்னா இங்க புத்தி மட்டுன்னு எடுத்துக்குவாங்கன்னு சீனியர் நர்ஸ் ஒருத்தங்க தனியா கூப்பிட்டு சொல்லித்தான் தெரிஞ்சுது, மறுநாள் போய் மன்னிப்பு கேட்டேன், அவங்க பெருந்தன்மையா சிரிச்சுட்டாங்க, ஆனா எனக்கு இன்னைக்கு நெனச்சாலும் நெஞ்சுக்குள்ள சுருக்குங்குது. நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை டவுன் டு எர்த்.

அதே மாதிரி கேரக்டர். நம்மூர்ல கேரக்டர்னா ஒழுக்கம். இங்க "ஹி இஸ் எ ரியல் கேரக்டர்"னா அவரு ஒரு தினுசான, சுவாரசியமான மனுஷன், பெரும்பாலும் பிரியமாத்தான் சொல்வாங்க, பதறிடாதீங்க. சின்சியர்னா நமக்கு ஒழுங்கா உழைக்கறவங்க, இங்க மனசுல இருக்கறதை உண்மையா பேசறவங்க. உழைக்கறவங்களுக்கு ஹார்ட் வொர்க்கிங், பொறுப்பா ஒண்ணு விடாம செய்றவங்களுக்கு கான்ஷியென்ஷஸ். ஸ்மார்ட்னு உங்களைச் சொன்னா முக்கால்வாசி நேரம் உடுத்தியிருக்கற துணியத்தான் சொல்றாங்க. மீன் (mean)னா கொடுமைக்காரங்கன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, கஞ்சனையும் மீன்னுதான் சொல்வாங்க. போல்டுன்னா நமக்கு தைரியசாலி, ஆனா என்கூட வேலை பாக்குற அயர்லாந்துக்காரங்க தன் பையனை போல்டுன்னு சொன்னா அவன் வீட்ல ஏதோ சேட்டை பண்ணியிருக்கான்னு அர்த்தம். ஹோம்லிய மட்டும் எந்தப் பொண்ணைப் பத்தியும் சொல்லவே சொல்லாதீங்க, இங்க வீட்டைப் பத்திச் சொன்னா நல்ல வார்த்தை, அமெரிக்காக்காரங்க காதுல பொண்ணு அழகில்லன்னு விழும்.

இன்னொண்ணு, கேள்வியே புரியாம தப்பா பதில் சொல்றது. "வாட்ஸ் யுவர் மேனேஜர் லைக்?"னு கேட்டா அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேக்கல, ஆளு எப்படின்னு கேக்கறாங்க. "ஹவ் இஸ் ஷி?"ன்னா உடம்பு எப்படி இருக்கு, சௌக்கியமான்னு. நிறைய பேர் இதுல தடுமாறுறதை பாத்திருக்கேன்.

குறை சொல்லணும்னா இங்கத்த ஆளுங்க நேரா போட்டு உடைக்க மாட்டாங்க. அதிகாரம் பண்றவங்களை நேரா பாஸின்னு சொல்லாம "ஷி கேன் பி எ பிட் பாஸி"ம்பாங்க, சோம்பேறின்னு சொல்லாம "நாட் த மோஸ்ட் ஹார்ட் வொர்க்கிங்"ம்பாங்க. கேன் பி, எ பிட், டெண்ட்ஸ் டு, இது மூணையும் வாய்ல பழக்கிக்கோங்க, நூறு புது வார்த்தைய விட இது உங்களுக்கு உதவும். ஒரே குணத்துக்கு ரெண்டு பக்கமும் வார்த்தை இருக்குங்கறதையும் கவனிங்க. நமக்கும்தான் இருக்கே, பிடிச்சவங்கன்னா வைராக்கியம், பிடிக்காதவங்கன்னா பிடிவாதம், அதுதான் டிட்டர்மின்டு, ஸ்டபர்ன். கேர்ஃபுல் வித் மனின்னா சிக்கனம், ஸ்டிஞ்சின்னா கஞ்சத்தனம். சில தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷ்ல ஒத்த வார்த்தை கிடையாது, ரோஷக்காரன்னு எப்படி சொல்வீங்க? ப்ரவுடுன்னா பாதி, டச்சி (touchy), அதாவது சட்டுனு கோச்சுக்கறவன்னா பாதி. அங்க ஒரு சம்பவத்தைச் சொல்லிடறதுதான் நல்லது.

உங்க வேலைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். டெய்லி நோட்ஸ் எழுதும்போது அக்ரசிவ், டிஃபிகல்ட், ஸ்டபர்ன் இந்த மூணையும் தயவுசெஞ்சு எழுதாதீங்க. நீங்க எழுதின ஒத்த வார்த்தை அந்த பாட்டி மேல முத்திரை மாதிரி ஒட்டிக்கும், அடுத்த ஷிஃப்ட்ல வர்ற பொண்ணு பயந்துகிட்டே ரூமுக்குள்ள போகும், அந்த பயம் பாட்டிக்கும் தெரியும். நடந்ததை எழுதுங்க. மதியம் சாப்பாடு வேணாம்னு தட்டைத் தள்ளினாங்க, குரலை உயர்த்தினாங்க, பத்து நிமிஷம் கழிச்சு டீ குடுத்தேன் வாங்கிக்கிட்டாங்கன்னு. வேணாம்னு சொன்னதை எழுத ரெஃப்யூஸ்டுக்குப் பதிலா கொஞ்சம் மென்மையா டிக்லைன்டுன்னு போடுங்க. மன நிலைய சொல்லணும்னா அப்செட் (வருத்தம்), ஆங்ஷியஸ் (பதட்டம்), அன்செட்டில்டு (நிலைகொள்ளாம இருக்கறது).

வார்த்தை நல்லதா கெட்டதான்னு சந்தேகம் வந்தா கேம்பிரிட்ஜ் ஆன்லைன் டிக்ஷனரியப் பாருங்க, நிறைய வார்த்தைக்குப் பக்கத்துலயே அப்ரூவிங், டிஸப்ரூவிங்னு குறிச்சிருப்பாங்க. தமிழ் அர்த்தம் மட்டும் காட்டுற ஆப்ல அது தெரியாது.

டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறனும் குறைஞ்சுகிட்டே போற நோய் இருக்கறவங்களுக்காக அல்சைமர்ஸ் சொசைட்டிங்கற தொண்டு அமைப்பு போடுற 'திஸ் இஸ் மீ'ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அவங்க யாரு, எதுல சந்தோஷப்படுவாங்க, எதுல கலங்குவாங்கன்னு குடும்பத்துகிட்ட கேட்டு எழுதறது. உங்க ஹோம்ல இருக்கான்னு கேளுங்க, இருந்தா ஏற்கனவே எழுதினதை எல்லாம் உக்காந்து படிங்க, ஒரு மகள் தன் அம்மாவை எந்த வார்த்தையால சொல்றாங்கன்னு அதுல தெரியும். அடுத்த தடவை புதுசா ஒருத்தர் வந்தா சீனியர்கிட்ட கேட்டு அந்த ஃபார்மை நீங்களே பக்கத்துல இருந்து எழுதிக் குடுங்க, எழுதினதுல சந்தேகம் இருந்தா என்கிட்ட கேளுங்க, பேரு விவரம் எதுவும் வேணாம், வார்த்தைய மட்டும் அனுப்புங்க.