உக்காந்து தியானம் பண்ண முடியல்ல, சீகுங் மாதிரி அசைஞ்சி செய்றது டென்ஷன கொறைக்குமா?

கொறைக்கும். எனக்கு கொறைச்சிச்சி, அதனால தான் எழுதுறேன்.

நீங்க கேட்டது, அஞ்சு நிமிஷம் கண்ண மூடி உக்காந்தா கூட மனசு எங்கெங்கயோ ஓடுது, சீனாக்காரங்க செய்ற சீகுங், தாய் சீ மாதிரி மூச்சோட மெதுவா அசைஞ்சிக்கிட்டே செய்றது ஒத்து வருமான்னு. அதுக்கு கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, இதெல்லாம் ஆபிஸ்ல கதிரையில உக்காந்து வேல செய்றவங்களுக்கு தான், தோட்டத்துல காலையில இருந்து மலை ஏறி எறங்குறவங்களுக்கு எக்ஸசைஸும் வேணாம், டென்ஷனும் வராதுன்னு. அத வாசிச்சிட்டு என்னால சும்மா இருக்க முடியல்ல. நான் இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவ. எங்களுக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், எங்களுக்கும் ராத்திரி தூக்கம் வராது.

நீங்க கொழும்புல வேல செய்றீங்க போல, வூட்ட விட்டு போடிங்ல, வாடகை ரூம்ல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். அப்படின்னா நான் சொல்றது ஒங்களுக்கு லேசா வெளங்கும், ஏன்னா நானும் இத படிச்சது வூட்ட விட்டு தூரத்துல இருக்கையில தான்.

2014ல சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு போனேன். மகளுக்கு அப்ப ஏழு வயசு. தோ பாயோவுல ஒரு சீனக் குடும்பம், அவங்க வூட்டு பாட்டிய பாத்துக்குறது தான் எனக்கு முக்கியமான வேல. எல்லாரும் அவங்கள ஆ மான்னு கூப்புடுவாங்க, சீனத்துல பாட்டிக்கு அப்படி சொல்றது, எனக்கு அது நம்ம அம்மாங்குற மாதிரியே காதுல விழும். அவங்களுக்கு 78 வயசு, ஒரு தடவ விழுந்து இடுப்புல அடி. தெனமும் காலையில ஏழு மணிக்கு அவங்கள லிப்ட்ல கீழ கூட்டிக்கிட்டு போவேன். மாடி வீடுகளுக்கு கீழ தூணுங்க மட்டும் இருக்க மாதிரி ஒரு தெறந்த எடம் இருக்கும், அங்க வயசானவங்க பதினஞ்சி இருவது பேரு சேந்து, ஒரு சின்ன ரேடியோ மாதிரி பெட்டியில பாட்ட போட்டுட்டு மெதுவா கைய தூக்குவாங்க, எறக்குவாங்க. நான் ஆ மா விழுந்துறக்கூடாதுன்னு பின்னால நிப்பேன்.

போன புதுசுல ஏழு மாசம் சம்பளத்துல முக்காவாசி ஏஜென்சி காசுக்கே கழிஞ்சிரும். வூட்டுக்கு அனுப்ப காசு இல்ல, மக போன்ல "எப்பம்மா வருவீங்க"ன்னு மட்டும் தான் கேக்கும். ராத்திரி பாத்ரூம்ல தண்ணிய தெறந்து விட்டுட்டு அழுவேன். ஆ மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் காலையில பின்னால நின்ன என்ன கைய புடிச்சி இழுத்து பக்கத்துல நிப்பாட்டுனாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தான் வரும், எனக்கும் அப்படித்தான். ஒண்ணும் சொல்லாம அவங்க பெருவெரல என் தோள்பட்ட மேல, கழுத்துக்கு பக்கத்துல வச்சி அமுக்குனாங்க. அப்ப தான் எனக்கே தெரியும், என் தோள் ரெண்டும் காது வரைக்கும் தூக்கிக்கிட்டு நிக்கிதுன்னு. "சோங், சோங்"னாங்க. தளத்தி விடுன்னு அர்த்தம். அந்த நாலு வருஷத்துல எனக்கு படிஞ்ச சீன வார்த்தைங்கள்ல இன்னைக்கி வரைக்கும் மறக்காதது அது தான்.

அவங்க செஞ்சது பா துவான் ஜின், எட்டுத் துண்டு பட்டுன்னு பேரு. சீகுங்ல நெறைய வகை இருக்கு, இது அதுல ஒண்ணு. எட்டே எட்டு அசைவு, மொத்தமா பன்னெண்டு பதினஞ்சி நிமிஷம் தான். ஆ மாவோட பேரன் படிச்ச புள்ள, அவன் தான் எனக்கு பேருங்களோட அர்த்தத்த சொல்லித் தந்தான். மொதலாவது ரெண்டு கையாலயும் வானத்த தாங்குறது. ரெண்டாவது வில்ல இழுத்து கழுகுக்கு குறி பாக்குறது. நாலாவதுக்கு பேரு, அஞ்சு உழைப்பு, ஏழு காயம், பின்னால திரும்பி பாரு. வேற ஒண்ணும் இல்ல, கழுத்த மட்டும் மெதுவா ஒரு பக்கம் திருப்பி பின்னால பாத்துட்டு திரும்பவும் நேரா வாறது. ஆனா அந்தப் பேர கேட்டோன்ன எனக்கு கண்ணுல தண்ணி வந்திருச்சி, ஏன்னா எங்கம்மா முப்பது வருஷம் கூடைக்கயித்த தலையில மாட்டி கழுத்து திரும்பாம போனவங்க. உழைப்பால ஒடம்புல காயம் சேரும்னு யாரோ எப்பயோ நெனச்சி பாத்து அதுக்குன்னு ஒரு அசைவு வச்சிருக்காங்க.

இது நேத்து வந்த ஸ்டைல் இல்ல. 1973ல சீனாவுல மாவாங்துய்ங்குற எடத்துல ஒரு கல்லறைய தோண்டுனப்ப பட்டுத் துணியில ஒரு படம் கெடைச்சிச்சி, கி.மு. 168ல மூடுன கல்லறை அது. அந்தப் படத்துல 44 பேரு ஆளுக்கொரு மாதிரி கைய நீட்டி, வளைஞ்சி, குனிஞ்சி நிக்கிறாங்க. பேரன் போன்ல காட்டுனான். ஆம்பளையும் இருக்காங்க, பொம்பளையும் இருக்காங்க. இப்ப எல்லாரும் செய்ற பா துவான் ஜின் அளவு கணக்க 2003ல தான் சீனாவுல ஒழுங்குபடுத்தி வச்சாங்களாம், ஆனா அந்த எட்டும் பல நூறு வருஷமா இருக்கது. சீகுங்குங்குற பேரு எல்லாத்துக்கும் பொதுவா பரவுனது 1950களுக்கு பொறகு.

2018ல ஊருக்கு வந்தேன். வந்த பொறகு அத செய்யவே இல்ல, அது தான் நான் செஞ்ச பெரிய பிழை. கொழுந்து மலையில நாள் பூரா கை அசையுது தானே, இனி என்ன எக்ஸசைஸ்னு நானும் அந்த கீழ எழுதுன ஐயா மாதிரியே நெனச்சேன்.

அவருக்கு வெளங்குற மாதிரி சொல்றேன். கொழுந்து எடுக்கையில கை அசையும், மூச்சு அசையாது. குனிஞ்ச வாக்குல பல்ல கடிச்சிக்கிட்டு, கண்ணு அடுத்த கொப்புல, மனசு தராசுல. 2021ல நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனப்ப எங்க தோட்டத்துல ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 16 கிலோவா இருந்தத 20 கிலோவாக்குனாங்க. கொறஞ்சா அரைப்பேரு, பாதி நாள் சம்பளம் தான். அந்த வருஷமே அரசாங்கம் ரசாயன ஒரத்த நிப்பாட்டுனாங்க, கொழுந்தே இல்ல, செடிய பாத்தா அழுக வரும், ஆனா கிலோ மட்டும் கொறையல்ல. இதுல நிறுவைக்கு நிறுவை கழிக்கிறது வேற, கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு. மழ பெய்யாத நாள்ல எங்க இருந்து வந்திச்சி ஈரம்னு ஒரு நாள் கேட்டுப்புட்டேன், அடுத்த ஒரு மாசத்துக்கு எனக்கு மேட்டு நெரை தான், செடிக்கு செடி பள்ளமா இருக்க எடம். 2024ல 1350 ரூபா ஆக்குனாங்க, கழிக்கிறது இன்னும் நிக்கல்ல. மூணு பேரு முதுகு வளைச்சி எடுத்த கொழுந்துல ஒரு நாளைக்கு எத்தன கிலோ காத்துல போகுதுன்னு யாராவது வந்து ஒரு நாள் தராசுக்கு பக்கத்துல நின்னு பாக்கணும். கேள்விக்கு இது சம்பந்தம் இல்லன்னு சொல்லுவீங்க. சம்பந்தம் இருக்கு, எங்க டென்ஷன் அங்க இருந்து தான் வருது.

2022ல நாடே பொருளாதார நெருக்கடியில விழுந்தது எல்லாருக்கும் தெரியும். வூட்டுக்காரர் கொழும்புல கடையில நின்னவரு, கடை மூடி வூட்டுக்கு வந்துட்டாரு. மா வெல ஏறி ரொட்டிக்கே வழியில்ல, மண்ணெண்ண கியூ, கரண்ட் இல்ல. குழுவா சேந்து எடுக்குற குழுக்கடன் எடுத்திருந்தேன், செவ்வாக்கெழம ஆனா கடன் தவணைய வசூலிக்க வாறவங்க லயத்து வாசல்ல, எங்க வரிசை வூட்டு வாசல்ல நிப்பாங்க. அந்த ஜூன் மாசம் ஒரு ராத்திரி நெஞ்சு அடிச்ச அடியில நான் சாகப்போறேன்னே நெனச்சிட்டேன், கை காலு வெறைச்சி, மூச்சு மேலயே நிக்கிது. பெட்ரோல் இல்லாத நேரத்துல ஒரு அண்ணன் தான் ஆட்டோவ எடுத்தாரு. ஈசிஜி எடுத்து பாத்துட்டு ஒண்ணும் இல்ல, யோசிக்காதீங்கன்னு அனுப்பிட்டாங்க. யோசிக்காம இருக்கது எப்படின்னு யாரும் சொல்லித் தரல்ல. ஒரு அக்கா தியான வகுப்புக்கு கூட்டிக்கிட்டு போனாங்க, ஒங்கள மாதிரி தான், கண்ண மூடுனா கடன் புத்தகம் தான் முன்னுக்கு வந்து நிக்கும். எழும்பி வந்துட்டேன்.

அடுத்த நாள் காலையில அஞ்சு மணிக்கு தண்ணி புடிக்க பீலிக்கு, மலைத்தண்ணி குழாயில விழுற எடத்துக்கு போனேன். நல்ல பனி, டர்பன்டைன் மரம் கூட தெரியல்ல. ஒருத்தரும் இல்ல. வாளி நெறையிற வரைக்கும் சும்மா நின்னவ, ஏன்னு தெரியாம ரெண்டு கையையும் கோத்து வானத்துக்கு தூக்குனேன். நாலு வருஷம் ஆச்சி, ஒடம்பு மறக்கல்ல. தூக்கையில மூச்ச உள்ள இழுத்து, எறக்கையில வெளிய விட்டு. மூணாவது தடவ எறக்கையில தோள் ரெண்டும் அதுவா கீழ விழுந்திச்சி, ஆ மாவோட வெரல் அமுக்குன மாதிரியே. வாளி நெறஞ்சி வழிஞ்சி செருப்பு நனைஞ்ச பொறகு தான் நெனவு வந்திச்சி. அந்த அஞ்சு நிமிஷத்துல கடன் ஞாபகம் ஒரு தடவ கூட வரல்ல.

அன்னையில இருந்து தெனமும் செஞ்சேன். ஒரு கெழமையில மாமி பாத்துட்டாங்க. பனியில ஒருத்தி வில்லு இழுக்குற மாதிரி நிக்கிறத பாத்தா அவங்க பயப்புடாம என்ன செய்வாங்க. காத்து கருப்பு அடிச்சிருச்சின்னு முனியாண்டி கோயில் பூசாரிக்கிட்ட கூட்டிக்கிட்டு போயி மந்திரிச்சி கயிறு கட்டுனாங்க. நான் மறுப்பு சொல்லல்ல, அவங்க அன்பு அது. ஆனா நிப்பாட்டவும் இல்ல. ரெண்டு மாசத்துல நான் ராத்திரி எழும்பி உக்காராம தூங்குறத அவங்களே பாத்தாங்க. இப்ப அவங்களும் இஸ்தோப்புல, வூட்டு முன் திண்ணையில ஸ்டூல போட்டு உக்காந்துக்கிட்டு அந்த வில்லு இழுக்குறத மட்டும் செய்வாங்க, தோள் வலிக்கி.

கடன் கொறஞ்சதால தானே தூக்கம் வந்திச்சின்னு கேப்பீங்க. இல்ல, அந்த வருஷம் பூரா கடன் அப்படியே தான் இருந்திச்சி. செவ்வாக்கெழம அவங்க வந்து நிக்கையில என் வாய்ல வார்த்த ஒழுங்கா வந்திச்சி, கை நடுங்கல்ல, தவணைய பிரிச்சி தாங்கன்னு கேக்க முடிஞ்சிச்சி. அவ்வளவு தான் மாறுனது, எனக்கு அது பெருசு.

இது எப்படி வேல செய்யுதுன்னா, பயம் வந்தா மூச்சு மேலாக்க வேகமா போகும், நாம சாதாரணமா நிமிஷத்துக்கு பன்னெண்டுல இருந்து இருவது தடவ மூச்சு விடுறோம். கைய மெதுவா தூக்கி எறக்குனா மூச்சும் அதுக்கு தக்கன மெதுவாகும், ஆறு ஏழுக்கு கூட வரும். வெளிய விடுற மூச்சு நீளுறப்ப இருதயத்த சாந்தப்படுத்துற நரம்பு வேல செய்யும். மனசுக்கும் ஒரு வேல கெடைக்கிது, கை எங்க இருக்கு, கால்ல பாரம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்குற வேல. சும்மா உக்காரச் சொன்னா ஓடுற மனசு இதுல நிக்கும். சீனாக்காரங்க இத ச்சீங்குற சக்தி ஓடுதுன்னு சொல்லுவாங்க, அது உண்டா இல்லையான்னு நான் வழக்காட வரல்ல, மூச்ச மட்டும் எனக்கு தெரியும். ஆராய்ச்சியிலயும் டென்ஷனுக்கும் தூக்கத்துக்கும் ஒதவுதுன்னு தான் வந்திருக்கு, ஆனா அதுல நெறைய சின்ன ஆராய்ச்சிங்க. கேன்சர் போகும், சீனி வருத்தம் போகும்னு காசு வாங்குறவங்கள நம்பாதீங்க. எட்டாவது அசைவுல குதிகால ஏழு தடவ தூக்கி எறக்குறது, அதுக்கு பேர்லயே நூறு நோயும் போயிரும்னு இருக்கு, அத கேட்டு யாரும் பிரஷர் குளிசைய நிப்பாட்டிறாதீங்க.

நம்ம யோகா இருக்கையில எதுக்கு சீனா சாமான்னு ஒருத்தராவது கேப்பாங்க. யோகா செய்ய பாய் விரிக்கணும், எங்க லயத்து அறையில ஆறு பேரு படுத்தா கால் வைக்க எடமில்ல. இதுக்கு நிக்க எடம் போதும். எந்த சாமியும் இதுல இல்ல, வேதக்காரங்க, கிறிஸ்தவங்களும் செய்யலாம், நாங்களும் செய்யலாம்.

நீங்க எட்டையும் ஒரேயடியா படிக்க பாக்காதீங்க. மொதலாவத மட்டும் ரெண்டு கெழமைக்கு செய்யுங்க. கால தோள் அகலத்துக்கு வச்சி, முட்டிய பூட்டாம லேசா தளத்தி, வயித்துக்கு முன்னுக்கு வெரல கோத்து, மூச்ச இழுத்துக்கிட்டே நெஞ்சு வரைக்கும் தூக்கி அங்க உள்ளங்கைய திருப்பி மேல தள்ளுங்க. ஒரு நொடி நின்னு, மூச்ச விட்டுக்கிட்டே ரெண்டு பக்கமும் கைய எறக்குங்க. ஆறு தடவ. மூச்ச அடக்காதீங்க, முட்டுனா சாதாரணமா விட்டுட்டு திரும்ப சேருங்க. முட்டி வலி இருந்தா கதிரையில உக்காந்தே செய்யலாம், ஆ மாவும் சில நாள் அப்படித்தான் செஞ்சாங்க. தல சுத்துனா நிப்பாட்டுங்க. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா மொதல்ல ஆஸ்பத்திரிக்கு போயி ஈசிஜி எடுத்துட்டு பொறகு இத செய்யுங்க, நான் அப்படித்தான் செஞ்சேன்.

போடிங்ல மத்தவங்க பாப்பாங்கன்னு வெக்கமா இருந்தா மொட்ட மாடிக்கி போங்க, இல்லாட்டி வெள்ளனயே எழும்புங்க. செஞ்சி பாத்துட்டு கீழ எழுதுங்க. எனக்கு சிக்னல் பீலிக்கிட்ட மட்டும் தான் வரும், காலையில தண்ணி புடிக்க போகையில பாத்துட்டு பதில் போடுறேன்.