பிக்கப்பில் வீட்டுச் சாமான் கட்டுவது பற்றி

தம்பி, புது வீட்டுக்கு ஃபிரிஜ், மெத்தை, மேசை எல்லாவற்றையும் நண்பரின் பிக்கப்பில் ஏற்றி, நைலோன் கயிற்றால் கட்டி, ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையால் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர். கொண்டுபோகலாம். ஆனால் ஊரில் பட்டாவில், அதாவது சின்ன லொறியில், கட்டுகிற கட்டு இங்கே காணாது.

கொடிகாமச் சந்தையிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற பட்டா மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும், சாமானைப் பிடித்துக்கொண்டு மேலே ஓர் ஆளும் இருப்பார். 401இல் 100இல் ஓடவேண்டும். வேகம் இரண்டரை மடங்கு கூடினால் காற்றின் விசை ஆறு மடங்குக்கு மேல் கூடும். அதனால் ஃபிரிஜைவிட மெத்தைக்குத்தான் நான் பயப்படுவேன். பாரம் இல்லை, பரப்புப் பெரிது. முன் ஓரம் கொஞ்சம் எழும்பினாலும் காற்று அடியில் புகுந்து தூக்கி எறியும். பின்னால் வருகிறவர் பிள்ளைகளோடு வருவார், அவருக்கு விலத்த நேரம் இருக்காது. முடிந்தால் மெத்தையை மூடிய வான் வண்டியில் அனுப்பும். இல்லாவிட்டால் தட்டையாகப் போட்டு, முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் குறுக்கே பட்டி போட்டு இறுக்கும்.

கயிறு வேண்டாம், அது இழுபட்டுத் தளரும். ராச்செட் பட்டி, அதாவது கைபிடியை ஆட்டி இறுக்குகிற பட்டி, வாங்கும். அதன் லேபலில் இரண்டு எண் இருக்கும். பெரியது அறுகிற அளவு, சிறியது பாவிக்கக்கூடிய அளவு, அநேகமாக மூன்றில் ஒன்று. சின்ன எண்ணைத்தான் நம்பவேண்டும். லொறிகளுக்கான விதியில், கட்டு முன்பக்கமாகப் பாரத்தின் 80 வீத விசையைத் தாங்கவேண்டும். சடுதியாக பிரேக் போட்டால் சாமான் அப்படித்தான் முன்னுக்குத் தள்ளும். ஆகவே ஃபிரிஜை நிமிர்த்தி, கேபின் சுவரோடு ஒட்டவைத்து, பிக்கப் பெட்டியின் இரண்டு பக்கக் கொளுக்கிகளிலும் கட்டும்.

சாமான் பின்னால் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டு நின்றால், ஒன்ராறியோவில் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு கட்டாயம். சாரதிக் கதவுப் பக்கத்து ஸ்ரிக்கரில் உள்ள நிறை எல்லையில் ஆட்களின் நிறையும் சேரும், அதையும் பாரும்.

வெளிக்கிட்டு 401இல் ஏறமுதல் ஒருக்கால் நிறுத்தி, ஒவ்வொரு பட்டியையும் கையால் இழுத்துப் பாரும். குலுங்கி இடம் சரிந்த சாமான் கட்டைத் தளர்த்திவிடும். என்னிடம் நல்ல பட்டிகள் கிடக்கு, எந்தப் பக்கம் இருக்கிறீர் என்று சொன்னால் கொண்டுவந்து தருவேன்.